பனிக்காலத்துக்கு டயர் தேர்ந்தெடுப்பதும் பொருத்துவதும்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வெயில் நாட்டில் கார் ஓட்டிப் பழகியவர்கள் பனி பொழியும் நாட்டுக்கு வந்ததும் முதலில் கவலைப்படுவது காலையில் இன்ஜின் கிளம்புமா, ஹீட்டர் வேலை செய்யுமா என்பதைப் பற்றித்தான். டயரைப் பற்றிய நினைப்பு பெரும்பாலும் முதல் சறுக்கலுக்குப் பிறகே வருகிறது. ஒன்றரை டன் எடையுள்ள காரைச் சாலையோடு பிணைத்து வைத்திருப்பது, ஒவ்வொரு டயரின் அடியிலும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவே உள்ள தொடுபரப்புதான். பிரேக்கும் ஸ்டீயரிங்கும் மின்னணுப் பாதுகாப்பு அமைப்புகளும் எவ்வளவு சிறந்தவையாக இருந்தாலும், அந்த நான்கு உள்ளங்கைகள் எவ்வளவு பிடிக்கின்றனவோ அந்த அளவுக்குத்தான் அவற்றால் வேலை செய்ய முடியும்.

இதை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், உராய்வுக் கெழு (டயருக்கும் சாலைக்கும் இடையிலான பிடிப்பின் அளவு) 0.8 ஆக இருக்கும் உலர்ந்த தார்ச்சாலையில் பிரேக் பிடித்த இடத்திலிருந்து ஏறத்தாழ 12 மீட்டரில் நின்றுவிடும். இறுகிய பனியின் மேல் அந்தக் கெழு 0.2 ஆகக் குறையும்போது அதே கார் நிற்பதற்கு ஏறத்தாழ 50 மீட்டர் ஆகும். பனிக்கட்டியின் மேல் 0.1 என்று வைத்துக்கொண்டால் 100 மீட்டர் வரை போய்விடும். ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிப்பதற்கு ஆகும் ஒரு நொடியில் கார் கடக்கும் 14 மீட்டர் இந்தக் கணக்கில் சேரவில்லை. நல்ல பனிக்கால டயர் இந்த இயற்பியலை மாற்றிவிடாது. அந்தக் கெழுவைச் சிறிதளவு உயர்த்தும், அவ்வளவுதான். ஆனால் கெழு 0.2 இலிருந்து 0.3 ஆனாலே 50 மீட்டர் 33 மீட்டராகக் குறைகிறது என்பதை எண்ணிப் பார்த்தால், அந்தச் "சிறிதளவு" எவ்வளவு பெரியது என்பது விளங்கும்.

நான்கு சக்கர இயக்கம் உள்ள காருக்குத் தனி டயர் வேண்டாம் என்று சொல்பவர்களை நீங்கள் கட்டாயம் சந்திப்பீர்கள். அந்த அமைப்பு கார் கிளம்புவதற்கும் மேட்டில் ஏறுவதற்கும் உதவும் என்பது உண்மை. ஆனால் பிரேக் பிடிக்கும்போது எல்லாக் கார்களுமே நான்கு சக்கரங்களாலும்தான் நிற்கின்றன. அங்கே அந்த அமைப்பால் எந்தக் கூடுதல் பயனும் இல்லை. எளிதாகக் கிளம்ப முடிகிறதே என்ற துணிவில் வேகத்தைக் கூட்டி, நிறுத்த முடியாமல் பள்ளத்தில் இறங்குபவர்களில் பெரிய வண்டிக்காரர்கள் குறைவல்லர்.

குளிரில் ரப்பருக்கு என்ன நேர்கிறது

சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் ரப்பர் அமிழ்ந்து படிவதால்தான் டயருக்குப் பிடிப்பு கிடைக்கிறது. கோடைக்கால டயரின் ரப்பர் சூட்டைத் தாங்குவதற்காகக் கலக்கப்பட்டது. குளிர் கூடக் கூட அது விறைத்து, படிவதற்குப் பதிலாக வழுக்கத் தொடங்குகிறது. பனிக்கால டயரில் இயற்கை ரப்பரும் சிலிக்காவும் கூடுதலாகச் சேர்க்கப்படுவதால், உறைநிலைக்குக் கீழேயும் அது நெகிழ்வாகவே இருக்கிறது. வெப்பநிலை 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே நிலைத்துவிட்டால் டயரை மாற்ற வேண்டும் என்று எங்கும் சொல்லப்படும் விதியின் அடிப்படை இதுதான். 7 டிகிரியில் ஏதோ ஒரு கதவு சாத்திக்கொள்கிறது என்று பொருளில்லை; விறைப்பு படிப்படியாகவே ஏறுகிறது. என்றாலும், பனி விழுந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பது தவறு என்பதை நினைவூட்ட அந்த எண் உதவுகிறது. ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் "அக்டோபர் முதல் ஈஸ்டர் வரை" என்ற எளிய கணக்கை வைத்திருக்கிறார்கள். முதல் பனி விழுந்த மறுநாள் டயர்க் கடைகளில் நிற்கும் வரிசையைப் பார்த்தவர்கள் அதன் அருமையை உணர்வார்கள்.

ரப்பரைப் போலவே பட்டனின், அதாவது சாலையைத் தொடும் பரப்பில் துருத்தி நிற்கும் ரப்பர்க் கட்டைகளின், வடிவமும் முக்கியம். பனிக்கால டயரின் பட்டன்களுக்கு இடையே ஆழமான காடிகளும், ஒவ்வொரு பட்டனின் மேலும் கத்தியால் கீறியது போன்ற மெல்லிய கீறல்களும் இருக்கும். சக்கரம் உருளும்போது அந்தக் கீறல்கள் திறந்து, நூற்றுக்கணக்கான விளிம்புகளாகப் பனியைக் கவ்வுகின்றன. காடிகளில் பனி திணிந்து நிற்பதைப் பார்த்துச் சிலர் டயர் அடைத்துக்கொண்டது என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது நன்மைக்கே. பனியுருண்டை பிடித்தவர்களுக்குத் தெரியும், பனியோடு ஒட்டுவதில் பனியை மிஞ்ச எதுவும் இல்லை. காடியில் இறுகிய பனி சாலையில் உள்ள பனியோடு சேர்ந்து பிடிப்பைத் தருகிறது.

இன்னொன்றையும் புதியவர்கள் அறிந்திருக்க வேண்டும். மைனஸ் 20 டிகிரியில் இருக்கும் பனிக்கட்டியைவிட, உறைநிலையை ஒட்டி இருக்கும் பனிக்கட்டியே கூடுதலாக வழுக்கும். அதன் மேற்பரப்பில் மெல்லிய நீர்ப்படலம் இருப்பதே காரணம். ஆகவே "இன்று குளிர் அவ்வளவாக இல்லை" என்று தோன்றும் நாளில்தான் பாலங்களின் மேலும் மர நிழல் விழும் வளைவுகளிலும் எச்சரிக்கை கூடுதலாகத் தேவை.

டயரின் பக்கவாட்டைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

கடைக்குப் போவதற்கு முன், உங்கள் காரில் இப்போது இருக்கும் டயரின் அருகே குனிந்து அதன் பக்கவாட்டில் எழுதியிருப்பதைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டாக 205/55 ஆர் 16 91 எச் (205/55 R 16 91 H) என்று இருந்தால், 205 என்பது டயரின் அகலம் மில்லிமீட்டரில். 55 என்பது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பது. ஆர் என்பது ரேடியல் வகை. 16 என்பது ரிம்மின் விட்டம் அங்குலத்தில். அடுத்து வரும் 91 எடைக் குறியீடு. ஒரு டயர் 615 கிலோ வரை தாங்கும் என்பது அதன் பொருள். இறுதி எழுத்து வேகத்தைக் குறிக்கிறது: கியூ (Q) என்றால் மணிக்கு 160 கிலோமீட்டர், டி (T) என்றால் 190, எச் (H) என்றால் 210.

எடைக் குறியீட்டில் எந்தக் காரணத்துக்காகவும் கீழே இறங்கக் கூடாது. மின்சாரக் கார்கள் பேட்டரியால் எடை கூடியவை என்பதால் அவற்றுக்கு இந்த எண்ணைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். வேகக் குறியீடு மட்டும் பனிக்கால டயரில் ஒன்றிரண்டு படி குறைவாக இருக்கலாம் என்று பல நாடுகள் அனுமதிக்கின்றன. ஆனால் அந்த வரம்பைத் தாண்டி ஓட்டக் கூடாது. சில இடங்களில் அந்த வேக வரம்பை எழுதிய வில்லை ஒன்றை ஓட்டுநரின் கண்ணில் படும்படி ஒட்டியிருக்க வேண்டும்.

அடுத்து, இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க இடமிருந்தால் வைத்துக்கொள்ள வேண்டிய குறி. மூன்று சிகரங்கள் கொண்ட மலையும் அதனுள் ஒரு பனிப்பூவும் வரையப்பட்ட சின்னம் டயரின் பக்கவாட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். 1999ஆம் ஆண்டு வட அமெரிக்காவில் அறிமுகமான இந்தச் சின்னத்தைப் பெற, இறுகிய பனியில் நடத்தப்படும் சோதனையில் ஒப்பீட்டு டயரைவிடக் குறிப்பிட்ட அளவு கூடுதலான பிடிப்பை டயர் காட்டியாக வேண்டும். "எம் பிளஸ் எஸ்" (M+S) என்ற பழைய குறி அப்படிப்பட்டதன்று. சேற்றுக்கும் பனிக்கும் ஏற்றது என்று பொருள்படும் அந்த எழுத்துகளைப் பட்டன் அமைப்பைக் கொண்டு உற்பத்தியாளரே பொறித்துக்கொள்ளலாம். பனியில் சோதித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. விற்பனையாளர் "இதுவும் பனிக்கு ஆகும்" என்று அந்த எழுத்துகளைக் காட்டினால், மலைச் சின்னம் எங்கே என்று கேளுங்கள். ஜெர்மனியில் 2024 அக்டோபர் 1 முதல் மலைச் சின்னம் இல்லாத டயர் சட்டப்படி பனிக்கால டயராகவே கணக்கில் கொள்ளப்படுவதில்லை.

அந்தச் சின்னத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அது பனியில் கிடைக்கும் பிடிப்பைப் பற்றியதே தவிர, பனிக்கட்டியில் டயர் எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சொல்வதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மே முதல் நடைமுறையில் உள்ள டயர் முத்திரைச் சீட்டில் பனிக்கு ஒரு குறியும் பனிக்கட்டிக்கு ஒரு குறியும் தனித்தனியே இருப்பது இதனால்தான்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறுபடும். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் கட்டாயம். சுவீடனில் டிசம்பர் 1 முதல் மார்ச் 31 வரை, சாலை பனிக்கால நிலையில் இருக்கும்போது கட்டாயம். ஜெர்மனியில் தேதி எதுவும் இல்லை. சாலையின் நிலையே அளவுகோல். நீங்கள் வாழும் இடத்தின் விதியையும், எல்லை தாண்டிப் பயணம் செய்தால் அந்த நாட்டின் விதியையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் சட்டம் சொல்லும் தேதி பெரும்பாலும் கடைசித் தேதிதான். குளிர் அந்த நாட்காட்டியைப் பார்த்து வருவதில்லை.

எந்த வகை உங்களுக்கு ஏற்றது

"எல்லாப் பருவத்துக்கும்" என்ற பெயரில் விற்கப்படும் டயர்களில் இரு கூட்டங்கள் உண்டு. மலைச் சின்னம் இல்லாதவை உண்மையில் மூன்று பருவங்களுக்கே உரியவை. கடுங்குளிரில் அவை கோடை டயரின் உறவினர்தான். மலைச் சின்னம் உள்ளவை, ஆண்டில் சில நாட்கள் மட்டுமே பனி விழுந்து விரைவில் அள்ளப்பட்டுவிடும் நகரங்களில், அளவாக ஓட்டுபவர்களுக்குப் போதுமானவை. இரண்டு தொகுதி டயர்களை வாங்கி வைக்க இடமில்லாத அடுக்குமாடிவாசிகள் இவற்றைத் தேர்ந்தெடுப்பதில் தவறில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் பொதுவாகச் செய்யப்பட்ட பொருள் எதிலும் முதலிடம் பெறாது என்பதை ஏற்றுக்கொண்டே வாங்க வேண்டும்.

முழுமையான பனிக்கால டயர்களிலும் இருவகை உண்டு. ஈரமும் மழையும் அரைகுறைப் பனியும் கலந்து வரும் மிதமான குளிர்ப் பகுதிகளுக்காகச் செய்யப்பட்டவை சற்றுக் கெட்டியான ரப்பரும், நீரை வெளியேற்றும் காடிகளும், நெடுஞ்சாலை வேகத்துக்கு ஏற்ற வேகக் குறியீடும் கொண்டவை. மாதக்கணக்கில் உறைநிலைக்குக் கீழேயே இருக்கும் வடக்குப் பகுதிகளுக்காகச் செய்யப்பட்டவை மிக மென்மையானவை. பனிக்கட்டியில் நன்றாகக் கவ்வும், ஆனால் 5 டிகிரியில் நனைந்த தார்ச்சாலையில் அவற்றின் நிறுத்தத் தூரம் நீளும். கடுங்குளிர் நாட்டின் டயரை மிதமான குளிர் உள்ள ஊரில் போட்டுக்கொண்டால் பாதுகாப்பு இரட்டிப்பாகும் என்று எண்ணுவது இதனால்தான் பிழையாகிறது. உங்கள் ஊரில் குளிர்காலத்தில் சாலை பெரும்பாலும் வெண்மையாக இருக்கிறதா, கறுத்து ஈரமாக இருக்கிறதா என்பதை அண்டை வீட்டாரிடம் கேட்டாலே விடை கிடைத்துவிடும்.

ஆணி டயர்கள் தனி ரகம். பட்டன்களில் பதித்த சிறு உலோகத் தண்டுகளின் முனையில் உள்ள டங்ஸ்டன் கார்பைடு, ஈரப் பனிக்கட்டியைக் கீறிப் பிடிக்கிறது. வழுவழுப்பான பனிக்கட்டியில் இவற்றுக்கு நிகரில்லை. ஆனால் வெற்றுச் சாலையில் இரைச்சல் கூடும், சாலை தேயும், அந்தத் தேய்மானத்தின் தூசு காற்றில் கலக்கும். ஆகவே ஜெர்மனி போன்ற நாடுகளில் பெரும்பாலும் தடையும், நார்வே போன்ற நாடுகளில் குறிப்பிட்ட மாதங்களுக்கு மட்டும் அனுமதியும் உள்ளன. கனடாவின் ஒன்டாரியோவில் வடபகுதியினருக்கு மட்டுமே அனுமதி. உங்கள் வீட்டுக்குச் செல்லும் பாதை செங்குத்தாகவும் உறைந்தும் கிடக்காத வரை, நல்ல ஆணியில்லா டயரே போதும் என்பது என் கருத்து.

அளவும் எண்ணிக்கையும்

ஓட்டுநர் கதவின் சட்டத்திலோ காரின் கையேட்டிலோ அனுமதிக்கப்பட்ட டயர் அளவுகள் தரப்பட்டிருக்கும். பெரும்பாலான கார்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அளவு அனுமதி உண்டு. பனிக்காலத்துக்கு அவற்றுள் சிறிய ரிம்மும் உயரமான பக்கச்சுவரும் கொண்டதைத் தேர்ந்தெடுப்பது நல்லது. மேலே சொன்ன 205/55 ஆர் 16க்குப் பதிலாக 195/65 ஆர் 15 அனுமதிக்கப்பட்டிருந்தால், முதலாவதன் மொத்த விட்டம் ஏறத்தாழ 632 மில்லிமீட்டர், இரண்டாவதன் விட்டம் 634 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். வேகமானியில் வேறுபாடு தெரியவே தெரியாது. ஆனால் ஒடுங்கிய டயர் ஆழமான பனியைக் கிழித்துச் செல்லும். பனிக்கடியில் மறைந்திருக்கும் குழியில் விழுந்தாலும் உயரமான பக்கச்சுவர் ரிம்மைக் காப்பாற்றும். விலையும் பொதுவாகக் குறையும். சிறிய ரிம் பிரேக் பாகத்தில் உரசாமல் உட்காருமா என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ள வேண்டும், ஆகவே அனுமதிப் பட்டியலில் இல்லாத அளவை ஊகத்தில் வாங்கக் கூடாது.

எண்ணிக்கையைப் பொறுத்தவரை விவாதத்துக்கே இடமில்லை: நான்கும் மாற வேண்டும். காசை மிச்சப்படுத்த இயங்கு சக்கரங்கள் இரண்டுக்கு மட்டும் போடுவது, போடாமலே இருப்பதைவிட ஆபத்தாகலாம். முன்சக்கர இயக்கக் காரில் முன்னே மட்டும் பனிக்கால டயர் இருந்தால், கார் நன்றாகக் கிளம்பும், நன்றாகத் திரும்பும், ஓட்டுநருக்கு நம்பிக்கையும் வரும். பிறகு வளைவொன்றில் பிரேக் பிடிக்கும்போது முன்பகுதி சாலையைப் பற்றிக்கொள்ள, பின்பகுதி வழுக்கி முன்னுக்கு வரப் பார்க்கும். நான்கும் ஒரே வகையாக இருந்து தேய்மானம் மட்டும் மாறுபட்டிருந்தால், கூடுதல் பட்டன் உள்ள இரண்டைப் பின்னால் போடுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

வாங்கும்போது தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். பழைய டயரை வாங்குவதாக இருந்தால் பட்டன் ஆழத்தை அளவியால் அளக்காமல் வாங்க வேண்டாம். பல நாடுகளில் பொதுவான சட்ட வரம்பு 1.6 மில்லிமீட்டர் என்றாலும் அது பனிக்குப் பயனற்ற ஆழம். சுவீடனிலும் நார்வேயிலும் பனிக்கால டயருக்குக் குறைந்தது 3 மில்லிமீட்டரும், ஆஸ்திரியாவில் 4 மில்லிமீட்டரும் வேண்டும். 4 மில்லிமீட்டரை எங்கிருந்தாலும் உங்கள் சொந்த எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். பட்டன் ஆழமாகவே இருந்தாலும் ஆண்டுகள் கடந்தால் ரப்பர் கெட்டிப்பட்டுவிடும். ஆறு ஆண்டுகள் ஆனதை ஆண்டுதோறும் பணிமனையில் காட்டிச் சோதிப்பதும், பத்து ஆண்டுகள் ஆனதைத் தோற்றம் எப்படியிருந்தாலும் கழித்துவிடுவதும் பொதுவான பரிந்துரை.

முடிந்தால் பனிக்கால டயர்களுக்கென்றே தனியாக ஒரு தொகுதி ரிம் வாங்கிவிடுங்கள். ஒரே ரிம்மில் ஆண்டுக்கு இருமுறை டயரைக் கழற்றி மாட்டினால் டயரின் விளிம்பு நைந்துபோகும், ஒவ்வொரு முறையும் பேலன்ஸ் செய்ய வேண்டியும் வரும். எளிய இரும்பு ரிம் போதும். அதன் பிறகு சக்கரம் மாற்றுவது வீட்டிலேயே செய்யக்கூடிய வேலையாகிவிடும்.

சக்கரத்தைப் பொருத்தும் முறை

சமதளமான, கெட்டியான தரையில் காரை நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, கியரிலோ பார்க்கிலோ விட்டு, தூக்கப்போகும் சக்கரத்துக்குக் குறுக்கெதிரே உள்ள சக்கரத்தின் இருபுறமும் கட்டை வையுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளை அரைச் சுற்று மட்டும் தளர்த்துங்கள். தூக்கிய பிறகு பலம் கொடுத்துத் திருப்பினால் கார் ஜாக்கியிலிருந்து நழுவக்கூடும். கையேடு காட்டும் இடத்தில் மட்டுமே ஜாக்கியை வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் கையையோ காலையோ நுழைக்கவே கூடாது; கழற்றிய சக்கரத்தைக் காரின் அடியில் படுக்க வைத்துவிட்டால், ஜாக்கி சரிந்தாலும் கார் அதன்மேல் தங்கும்.

சக்கரம் கழன்றதும் உடனே புதியதை மாட்டத் தோன்றும். அதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு வேலையைத்தான் பெரும்பாலோர் தவிர்க்கிறார்கள். ரிம் போய் அமரும் ஹப்பின் முகத்தில் படிந்துள்ள துருவையும் அழுக்கையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து நீக்குங்கள். ரிம்மின் உட்புறத்தையும் துடையுங்கள். இடையில் துருச்செதிலோ உறைந்த பனியோ அகப்பட்டுக்கொண்டால், முறுக்கும்போது நட்டு இறுகியது போலவே தெரியும்; சில கிலோமீட்டர் ஓடியதும் அது நொறுங்கியோ உருகியோ போய்விட, அந்த இடைவெளி அளவுக்கு நட்டு தளர்ந்துவிடும். நட்டின் மரையில் எண்ணெயோ கிரீஸோ தடவ வேண்டாம். கையேட்டில் தரப்படும் முறுக்கு அளவு பொதுவாக உலர்ந்த மரையை வைத்துக் கணக்கிடப்படுவது. எண்ணெய் இருந்தால் அதே அளவு முறுக்கில் போல்ட்டு கூடுதலாக இழுபட்டுவிடும்.

டயரின் பக்கவாட்டில் சுழற்சித் திசையைக் காட்டும் அம்புக்குறி இருந்தால், கார் முன்னோக்கிச் செல்லும்போது சக்கரம் அந்தத் திசையில் சுழலும்படி மாட்ட வேண்டும். இடதும் வலதும் மாறிவிட்டால், நீரையும் சேற்றுப்பனியையும் வெளியே தள்ள வேண்டிய காடிகள் உள்ளே இழுக்கும். அம்புக்குறி இல்லாமல் வெளிப்பக்கம், உட்பக்கம் என்று எழுதியிருந்தால், வெளிப்பக்கம் என்ற எழுத்து வெளியே நின்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் ரிம்மில் டயரை மாட்டியவரிடமே திருப்பிக் கொண்டுபோக வேண்டும்.

நட்டுகளை முதலில் கையாலேயே சில சுற்றுகள் ஏற்றுங்கள். கையால் ஏறாத நட்டை ஸ்பேனரால் ஏற்ற முயன்றால் மரை கெடும். இரும்பு ரிம்முக்கும் அலாய் ரிம்முக்கும் நட்டின் அமர்வு வடிவமோ போல்ட்டின் நீளமோ மாறுபடலாம் என்பதால், புதிய ரிம்மோடு அதற்குரிய நட்டுகளையும் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். பிறகு, ஒன்றை இறுக்கியதும் பக்கத்தில் உள்ளதற்குப் போகாமல் எதிரே உள்ளதற்குப் போகும் நட்சத்திர வரிசையில் சிறிது சிறிதாக இறுக்கி, காரைக் கீழே இறக்கி, டார்க் ரென்ச்சால் (முறுக்கு அளவைக் காட்டும் ஸ்பேனரால்) கையேட்டில் சொன்ன அளவுக்கு முறுக்குங்கள். பயணிகள் கார்கள் பலவற்றுக்கு அது 100 முதல் 140 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும் என்றாலும், உங்கள் காருக்குரிய எண்ணையே கொள்ள வேண்டும். ஸ்பேனர் மேல் ஏறி நின்று மிதித்து இறுக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அப்படி இறுக்கியதை இரவில், கொட்டும் பனியில், ஸ்டெப்னி மாட்டுவதற்காகக் கழற்ற வேண்டிய நிலை வந்தால் அந்தப் பழக்கம் தானாகப் போய்விடும்.

50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு எல்லா நட்டுகளையும் டார்க் ரென்ச்சால் மீண்டும் ஒருமுறை சோதியுங்கள். பணிமனையில் மாற்றினாலும் இது பொருந்தும்.

காற்றும் முதல் சில நூறு கிலோமீட்டரும்

வெப்பநிலை 5 அல்லது 6 டிகிரி இறங்கும் ஒவ்வொரு முறையும் டயரின் அழுத்தம் ஏறத்தாழ 1 பி.எஸ்.ஐ. குறைகிறது. 20 டிகிரி உள்ள கூடத்தில் சரியாக நிரப்பிய டயர், மைனஸ் 10 டிகிரி குளிரில் நின்றால் 5 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறங்கிவிடும், எச்சரிக்கை விளக்கு எரிய அதுவே போதுமானதாகிவிடலாம். ஆகவே குளிர்காலத்தில் மாதம் ஒருமுறையாவது, கார் சில மணி நேரம் வெளியே நின்ற பிறகு, ஓட்டுவதற்கு முன் அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். நைட்ரஜன் நிரப்பினால் இந்தத் தொல்லை இல்லை என்று சொல்லப்படுவது சரியன்று; சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான், இரண்டும் குளிரில் ஏறக்குறைய ஒரே அளவில்தான் சுருங்குகின்றன. பனியில் பிடிப்புக்காகக் காற்றைக் குறைத்து ஓட்டும் யோசனையையும் சாலையில் பின்பற்ற வேண்டாம்.

புதிய ரிம்களில் அழுத்தமறியும் சென்சார் இல்லையென்றால், சில கார்களில் குளிர்காலம் முழுவதும் எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், உண்மையான பங்சரும் அந்த ஒளியில் மறைந்துபோகும். சென்சாருடன் வாங்குவதே நல்லது. சக்கரங்களின் சுழற்சி வேகத்தை ஒப்பிட்டுக் காற்றிறக்கத்தைக் கணிக்கும் வகைக் கார்களில், சக்கரம் மாற்றியதும் திரையில் அந்த அமைப்பை மறுதொடக்கம் செய்தாலே போதும்.

புத்தம் புதிய டயரின் மேற்பரப்பில் அச்சிலிருந்து எளிதாகக் கழற்றுவதற்காகப் பூசிய பொருளின் மிச்சம் இருக்கும். அது தேயும்வரை, முதல் சில நூறு கிலோமீட்டருக்கு, திடீர் வேகமும் திடீர் பிரேக்கும் இல்லாமல் ஓட்டுங்கள். ஆணி டயராக இருந்தால் ஆணிகள் தத்தம் குழியில் நன்றாக அமர்வதற்கும் இந்த மென்மையான ஓட்டம் தேவை. பிறகு, ஆளில்லாத பனி மூடிய திறந்தவெளி ஒன்று கிடைத்தால், குறைந்த வேகத்தில் பிரேக்கை முழுமையாக மிதித்துப் பாருங்கள். பிரேக் மிதி காலுக்கடியில் அதிர்வதும், கார் எவ்வளவு தூரம் கழித்து நிற்கிறது என்பதும் அங்கே தெரிந்துகொள்ள வேண்டியவை.

மலைப்பாதையில் செல்வதாக இருந்தால் சக்கரச் சங்கிலியும் உடன் இருக்க வேண்டும். அதை இயங்கு சக்கரங்களில் மாட்டி, பொதுவாக மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டாமல் ஓட்டி, வெற்றுச் சாலை வந்ததும் கழற்றிவிட வேண்டும். வாங்கிய நாளிலேயே வீட்டு வாசலில் ஒருமுறை மாட்டிப் பழகாதவர்கள், விறைத்த விரல்களோடு இருட்டில் அதன் சிக்கலை அவிழ்க்க நேரிடும்.

கழற்றி வைக்கும்போது

வெப்பநிலை 7 டிகிரிக்கு மேலே நிலைத்ததும் பனிக்கால டயரைக் கழற்றிவிடுங்கள். கோடையில் அதன் மென்மையான ரப்பர் விரைவாகத் தேயும், சூடான சாலையில் நிறுத்தத் தூரமும் நீளும். அடுத்த குளிர்காலத்துக்கு வேண்டிய பட்டனைக் கோடையில் கரைப்பதில் பொருளில்லை.

கழற்றும் ஒவ்வொரு சக்கரத்திலும் அது எந்த இடத்தில் இருந்தது என்பதைச் சுண்ணாம்புக் கட்டியால் "முன் இடது", "பின் வலது" என்று எழுதி வையுங்கள். நான் முதல் ஆண்டில் இதைச் செய்யாமல், மறு அக்டோபரில் நான்கு சக்கரங்களையும் புரட்டிப் புரட்டித் தேய்மானத்தை அளந்துகொண்டு ஒரு பிற்பகலைத் தொலைத்தேன். சாலையில் தூவிய உப்பு போகக் கழுவி, நன்றாக உலர்த்தி, பட்டன்களில் சிக்கிய கற்களை நீக்கி, வெயில் படாத குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வையுங்கள். ரிம்மோடு இருப்பவற்றை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கலாம் அல்லது தொங்கவிடலாம். ரிம் இல்லாதவற்றை நிமிர்த்தி நிற்க வைத்து, ஒரே இடம் அமுங்கிப்போகாமல் இருக்க அவ்வப்போது சற்றே சுழற்றி வைக்க வேண்டும். பெட்ரோல், எண்ணெய் ஆகியவற்றுக்கும், ஓசோனை வெளியிடும் மின்மோட்டார்களுக்கும் அருகில் வைக்க வேண்டாம். எடுத்து வைக்கும் அன்றே ஒவ்வொன்றின் பட்டன் ஆழத்தையும் அளந்து சுண்ணாம்புக் குறிக்குப் பக்கத்தில் எழுதிவிட்டால், எது 4 மில்லிமீட்டரை நெருங்கிவிட்டது என்பது தெரிந்து, கடைகளில் கூட்டமில்லாத கோடை மாதங்களிலேயே புதியவற்றைத் தேடத் தொடங்கலாம்.